அம்போவின் ஏழு ரொட்டிகள்

பிப்ரவரி 4

அக்கா,

போனில் மூன்று முறை முயன்றேன். முதல் முறை "புத்தகம்" என்றதும் வைத்துவிட்டாய். இரண்டாம் முறை "அப்பா" என்றதும். மூன்றாம் முறை நான் தொண்டையைச் செருமியதற்கே வைத்தாய். ஆகவே எழுதுகிறேன். கடிதத்தை நீ பாதியில் கிழிக்கலாம். பாதிவரையாவது படித்திருப்பாய்.

விஷயம் இதுதான். அப்பா வரைந்த 'கோணல் தெரு' மறுபடியும் வரப்போகிறது. மாதம் ஒன்றாக எட்டு வருடம், தொண்ணூற்றாறு இதழ்கள். சட்டை போட்ட சிட்டிகை அணில், மூக்குக்கண்ணாடி வைத்த கோழி டீச்சர், பல் டாக்டரைக் கண்டால் சாக்கடைக்குள் ஒளியும் முதலை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பழைய காகிதக் கடைகளில் மட்டுமே கிடந்த சிறுவர் படக்கதை. ஒரு பதிப்பகம் அதில் பன்னிரண்டு இதழ்களைக் கெட்டி அட்டையில் போடுகிறேன் என்கிறது. பதிப்பாளர் ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். என் எதிரே உட்கார்ந்து சிட்டிகை மாதிரியே மூக்கைச் சுருக்கிக் காட்டினார். அந்த ஆபீஸில் நாற்காலிகளைவிடப் புத்தகக் கட்டுகள் அதிகம். ஒரு கட்டின் மேல்தான் என்னையும் உட்கார வைத்தார்.

அவருக்கு இரண்டு விஷயங்கள் தேவை. ஒன்று, கையெழுத்து. உரிமை நம் இருவருக்கும் சமம். என்னுடையதைப் போட்டுவிட்டேன். இரண்டாவது, மூலப் படங்கள். என்னிடம் இருப்பவை அச்சான பிரதிகள். தாள் பழுத்து, ஊசி துருப்பிடித்து, தொட்டால் ஓரம் பொடியாகிறது. சிவப்பு மை எல்லாப் பக்கத்திலும் கோட்டைத் தாண்டி ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கிறது. அப்பா அட்டையில் வரைந்த மூலங்கள் நீ கொண்டுபோன தகரப் பெட்டியில் இருக்கின்றன. அவர் இறந்த வாரத்தில், பத்திரமாக இருக்கட்டும் என்று நீ எடுத்துப்போனதாக நினைத்துக்கொண்டேன்.

கெடு மார்ச் 31.

என் வேலை உனக்குத் தெரியும். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற துண்டுச்சீட்டில் பிழை பார்க்கிறேன். யாரும் ஒரு முறைகூடப் படிக்காததை மூன்று முறை படித்துச் சம்பளம் வாங்குகிறேன். யாராவது விரும்பிப் படிக்கிற ஒன்றில் ஒரு தடவையாவது கை வைக்க வேண்டும் என்று இருக்கிறது. அவ்வளவுதான்.

படிவம் உள்ளே இருக்கிறது.

தம்பி

*

பிப்ரவரி 13

தம்பி,

முழுவதும் படித்தேன். கையெழுத்து கிடையாது.

காரணம் உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுதியிருக்கிறாய். அணிலை எழுதினாய். கோழியை எழுதினாய். முதலையை எழுதினாய். தொண்ணூற்றாறு இதழிலும் வருகிற ஒரு ஜென்மத்தை மட்டும் விட்டுவிட்டாய். கரடி. அம்போ. சிவப்பு கவுன், ஒரு பக்கம் அவிழ்ந்த ரிப்பன். நடந்தால் எதையாவது தட்டிவிடும். அழுதால் தெரு நனையும். எல்லோரும் கிளம்பிப் போன பிறகு மூச்சிரைக்க வந்து நிற்கும்.

சிவப்பு கவுன் என்னுடையது. ரிப்பன் என் தலையில்தான் நிற்காது. வாளிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டது நான். அடுத்த மாதம் அம்போவின் தலை தேன் ஜாடிக்குள். நாடகத்தில் மரமாக நின்று தூங்கி விழுந்தது நான். அடுத்த மாதம் அம்போ மரம். பள்ளியில் வருகை எடுக்கும்போது, டீச்சர் என் பெயரைச் சொல்வதற்கு முன்னால் கடைசி பெஞ்சிலிருந்து "அம்போ!" என்று ஒரு சத்தம் வரும். டீச்சரும் சிரிப்பார். அவரும் வாசகர்.

இதையெல்லாம் விட்டுவிடலாம். நாற்பத்து மூன்றாம் இதழை விட முடியாது. 'அம்போ ஊரை விட்டுப் போகிறாள்.' கரடி கோபித்துக்கொண்டு ரொட்டி மூட்டையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறது. பஸ் வருவதற்குள் எல்லா ரொட்டியையும் தின்று முடிக்கிறது. வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. வாசலில் அணில் கேட்கிறது: "ஊருக்குப் போகலியா?" கரடி சொல்கிறது: "ரொட்டி தீர்ந்துபோச்சு."

அந்த மாதத்திலிருந்து பள்ளி முடியும்வரை அந்த இரண்டு வார்த்தை. கணக்கைத் தப்பாகப் போட்டால், ரொட்டி தீர்ந்துபோச்சு. ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தால், ரொட்டி தீர்ந்துபோச்சு. என் கல்யாண வரவேற்பில் உன் நண்பன் ஒருவன் மைக்கில் சொன்னான். நீ சிரித்தாய். பார்த்தேன்.

இங்கே பல் லேபில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. 'மேல்வரிசை அக்கா.' செயற்கைப் பல்லில் மேல்வரிசை கஷ்டமானது. சிரித்தால் தெரிவது அதுதான். எந்த டாக்டரிடமிருந்து வந்தாலும் மேல்வரிசை என்றால் என் மேசைக்குத்தான் வரும். பத்தொன்பது வருடம் மெழுகிலும் பிளாஸ்டரிலும் கிடந்து வாங்கிய பெயர். கெட்டி அட்டைக்காக அதைக் கொடுக்க மாட்டேன்.

பெட்டி பத்திரமாக இருக்கிறது. யாரும் அச்சடித்துவிடக் கூடாது என்றுதான் எடுத்து வந்தேன்.

அக்கா

பி.கு. அந்த முதலைக்கு அப்பா பன்னிரண்டு பல்தான் போட்டிருக்கிறார். அறுபதுக்கு மேல் இருக்க வேண்டும். நீதானே பிழை பார்க்கிறவன்.

*

பிப்ரவரி 20

அக்கா,

கரடியை வேண்டுமென்றேதான் விட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. அம்போ நீதான் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. சிட்டிகை நான்தான் என்றும் சொன்னதில்லை. சிட்டிகைக்குக் கணக்கு வரும். எனக்கு இன்றுவரை வராது.

நேற்று பதிப்பகத்துக்குப் போனேன். உனக்காகத்தான். நாற்பத்து மூன்றை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"எடுக்கறதா? சார், அதுக்காகத்தான் நான் இந்த புக்கையே போடறேன்."

"மேடம், வேற தொண்ணூத்தஞ்சு இருக்கே."

"இருக்கு. எது ஞாபகம் இருக்கு? எங்க வீட்டுல இப்பவும் யாராவது மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா, 'என்ன, ரொட்டி தீர்ந்துபோச்சா'ன்னுதான் கேப்போம். கரடி பெஞ்சுல ஒக்காந்திருக்குமே, அந்தப் படம்தான் அட்டை. முடிவே பண்ணியாச்சு."

அட்டையே அதுதான். இதை உன்னிடமிருந்து மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை என்பதையாவது என் பக்கத்தில் எழுதிக்கொள்.

அந்தக் கதை உன்னைக் கேலி செய்ய வரைந்தது இல்லை, அக்கா. நீ அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. ரொட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு கரடி உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு கட்டத்துக்கு அப்பா மூன்று நாள் எடுத்துக்கொண்டார். முதலில் ஏழு ரொட்டி இருந்தது. பெஞ்சு நீளம் போதாமல் ஐந்தாகக் குறைத்தார். கேலி செய்கிறவன் உட்கார்ந்து ரொட்டி எண்ணிக்கொண்டிருப்பானா?

எனக்கு எரிச்சலாக வருகிறது. முப்பத்தொரு வருடம். ஒரு காகிதக் கரடியின் மேல் இவ்வளவு நாள் எப்படிக் கோபமாக இருக்க முடிகிறது? முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு காரியம் கூடிவருகிறது. அது உன் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. கட்டிலுக்கடியில்தானே வைத்திருக்கிறாய்? தெரியும்.

முதலையைக் கவனித்திருக்கிறேன். அவ்வளவு சின்னப் படத்தில் அறுபது பல் போட்டால் சீப்பு மாதிரி இருக்கும்.

தம்பி

*

பிப்ரவரி 26

தம்பி,

ஏழு என்று அப்பாவுக்கு யார் சொன்னது?

*

மார்ச் 3

அக்கா,

உன் கடிதம் வந்தது. நான் இரண்டு பக்கம் எழுதினால் நீ ஒரு வரி எழுதுகிறாய். தபால்தலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

நீ கேட்பது எனக்குச் சரியாக விளங்கவில்லை. ஏழோ எட்டோ, யாருக்கு நினைவிருக்கிறது. ஆபீஸில் ஏ.சி. என் மேசை மேல் சொட்டுகிறது. மூன்று வாரமாகச் சொல்கிறேன். அடியில் ஒரு டம்ளர் வைத்துவிட்டுப் போனார்கள். டம்ளர் நிரம்பினால் கொட்டுவதும் என் பொறுப்பு. பதிப்பாளர் இரண்டு முறை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

நாள் போய்க்கொண்டிருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

தம்பி

*

மார்ச் 5

அக்கா,

முந்தாநாள் எழுதியதை விட்டுவிடு. டம்ளர் விஷயம் மட்டும் உண்மை.

நான்தான் சொன்னேன்.

அப்பா எப்படி வரைவார் என்று உனக்கு முழுக்கத் தெரியாது. நீ ஒருமுறை முழங்கை பட்டு மைக்கூட்டைக் கவிழ்த்தாய். அதற்குப் பிறகு சமையலறை மேசைப் பக்கம் உன்னை விடவில்லை. கோடெல்லாம் அவர் போடுவார். முழுக் கறுப்பாக வேண்டிய இடங்களில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு வைப்பார். அந்த இடங்களில் மை நிரப்புவது என் வேலை. கோழியின் குடை, அணிலின் தொப்பி, கதவுக்குப் பின்னால் இருட்டு. ஏழு வயதில் எனக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பிரஷ் சும்மா கைக்கு வராது. பள்ளி விட்டு வந்ததும் கேட்பார்: "இன்னிக்கு என்னடா நடந்துது?" நான் சொல்ல வேண்டும். அவர் சிரித்தால் பிரஷ். சிரிக்காவிட்டால், "சரி, போய்ப் பாடத்தப் படி."

எனக்கு நடந்ததைச் சொன்னால் சிரிக்க மாட்டார். எனக்கு எதுவுமே நடக்காது, அக்கா. எல்லாம் உனக்குத்தான் நடக்கும்.

வாளியைச் சொன்னது நான். மரத்தைச் சொன்னதும் நான். தொண்ணூற்றாறில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் இல்லை.

அம்மா சண்டை போட்டுக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. நீ கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு என்னிடம் சொன்னாய். அம்மாவைக் கூட்டிவரப் போனேன் என்றாய். வழியில் சாப்பிட இரண்டு, அம்மாவுக்கு மூன்று, திரும்பி வரும்போது ஆளுக்கு ஒன்று, மொத்தம் ஏழு ரொட்டி. பஸ் வந்தது. கண்டக்டர், "யாரு கூட வந்திருக்க பாப்பா?" என்று கேட்டார். உனக்குப் பதில் வரவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. பசித்தது. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாய். "யார்ட்டயும் சொல்லக் கூடாது" என்றாய். சத்தியம் பண்ணினேன். மறுநாள் சொல்லிவிட்டேன்.

அம்மாவை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். அதைச் சொன்னால் அவர் சிரிக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் அப்பா கேட்டது இவ்வளவுதான்: அக்கா ஏழு ரொட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள், தின்றாள், வந்துவிட்டாள்.

"ஏன்டா திரும்பி வந்தாளாம்?"

"ரொட்டி தீர்ந்துபோச்சு."

அது அப்பா எழுதியது இல்லை. நான் சொன்னது. விழுந்து விழுந்து சிரித்தார். அன்று முழுப் பக்கமும் நான்தான் கறுப்புப் பூசினேன்.

ஏழு வயது, அக்கா.

தம்பி

*

மார்ச் 12

தம்பி,

வயதைச் சொல்லாதே. ஏழு வயதில் சொன்னாய். சரி. எட்டு வயதிலும் உனக்கு வாய் இருந்தது. இருபதில் இருந்தது. என் கல்யாணத்தில் சிரிக்கிற அளவுக்கு இருந்தது.

நான் இத்தனை நாள் என்ன நினைத்திருந்தேன் என்று சொல்கிறேன். கேட்டுக்கொள்.

இதழ் வந்த அன்று எனக்குப் புரிந்தது ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டுக்கு நான் போனது நமக்கு மட்டுமே தெரியும். நீ சொல்லியிருப்பாய் என்று ஒரு விநாடிகூடத் தோன்றவில்லை. அந்த ஐந்து மாதம் எனக்கு இருந்தது நீ ஒருவன்தான். உன்னைச் சந்தேகப்பட்டால் யாருமே மிச்சமில்லை. ஆக, வேறு ஒரு வழிதான் இருந்தது. அப்பா பார்த்திருக்கிறார்.

அங்கே ஒரு தூண் உண்டு. பச்சைப் பெயின்ட், இடுப்பளவுக்கு அழுக்கு. அதற்குப் பின்னால் நின்றிருப்பார் என்று முடிவு செய்தேன். பத்து வயது மகள் தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். பஸ்கள் போவதைப் பார்த்திருக்கிறார். கூப்பிடவில்லை. பக்கத்தில் வரவில்லை. வீட்டுக்குப் போய் வரைந்துவிட்டார். படத்தில் ஐந்து ரொட்டி இருந்ததும் சரியாகப் பொருந்தியது. அவர் வந்து நிற்பதற்குள் இரண்டைத் தின்றிருப்பேன்.

உன் கடிதப்படி அந்த ஐந்து எப்படி வந்தது? பெஞ்சு நீளம் போதவில்லை. அட.

அதற்குப் பிறகு அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை. பதினெட்டு வயதில் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன். பல் பிடித்ததால் இல்லை. காலேஜ் ஒன்பது மணி நேரத் தூரத்தில் இருந்தது. அவர் போனில், "சாப்டியா?" என்பார். "சாப்ட்டேன்" என்பேன். வைத்துவிடுவேன். அம்மா இருந்தவரை வருடத்துக்கு ஒருமுறை வந்தேன். அம்மா போன பிறகு அதுவும் இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்று. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் வந்தேன். கடைசி வாரத்தில், ஒரு வியாழக்கிழமை. மூன்றாம் மாடி. கதவில் கையகலக் கண்ணாடி. உள்ளே அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலி காலி. நீ ஆபீஸில் இருந்திருப்பாய். நான் வெளியே நின்று பார்த்தேன். எவ்வளவு நேரம் கூப்பிடாமல் நிற்க முடிகிறது, பார்ப்போம் என்று நின்றேன். இருபது நிமிடம். ஒரு நர்ஸ், "உள்ள போலாமே நீங்க" என்றாள். "இல்ல, வேற ரூம்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

ரயிலில் எனக்கு நிறைவாக இருந்தது. இதைக் குறித்துக்கொள். நிறைவாக இருந்தது. சமன் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் ஒரு தூணுக்குப் பின்னாலும் நின்றதில்லை. மேசையில் உட்கார்ந்து உன் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறார். அவ்வளவுதான் அவர் செய்தது.

அந்த இருபது நிமிடத்தை இப்போது நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? சொல். சொல்வதில் நீதான் கெட்டிக்காரனாயிற்றே.

அக்கா

*

மார்ச் 19

அக்கா,

நான்கு கடிதம் கிழித்தேன். இது ஐந்தாவது.

உன்னைச் சமாதானப்படுத்த ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைத்தான் நான்கிலும் எழுதினேன். எழுதி எழுதிக் கிழித்தேன். ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

நான் அந்தக் கதையைச் சொல்லி நாலாம் நாள் அம்மா திரும்பி வந்தாள். உனக்கும் நினைவிருக்கும். அப்பா போய்க் கூட்டிவந்தார். சிரித்து முடித்த பிறகு யோசித்திருக்கலாம். பத்து வயதுப் பெண் எந்த பஸ்ஸுக்கு நின்றிருப்பாள் என்று அவருக்குப் புரிந்திருக்கலாம். அதனால் போயிருக்கலாம்.

அல்லது பெரியம்மா வீட்டில் சண்டை வந்திருக்கலாம். அம்மாவே கூப்பிட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. அவர் இருந்தபோது நான் கேட்டதில்லை. கேட்டால் மற்றதும் வெளியே வரும்.

புரிந்துதான் போனார் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். நீ கையெழுத்தும் போட்டுவிடலாம். அதனால்தான் கை வரவில்லை. இதுவும் நான் உன்னை வைத்துச் சொல்கிற இன்னொரு கதையாகிவிடும். மாலையில் போய்ப் பதிப்பாளரிடம் கொடுத்துவிட்டு எனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வேன்.

கையெழுத்து வேண்டாம். இன்று அவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன், புத்தகம் இல்லை என்று.

"என்ன சார், விளையாடறீங்களா? அட்டை வரைக்கும் முடிச்சி வச்சிருக்கேன்."

"குடும்ப விஷயம், மேடம்."

"யாரு வீட்டுல இல்ல குடும்ப விஷயம்? ஒரு கரடி, ஒரு அணில். இதுல என்ன சார் குடும்ப விஷயம்?"

புத்தகக் கட்டின் மேலிருந்து எழுந்து வந்துவிட்டேன். கோபம் அவர் மேல் இல்லை. கோபப்படுவதற்கு ஆளே கிடைக்கவில்லை. வழியெல்லாம் நடந்தேன். பஸ்ஸில் ஏறப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வியாழக்கிழமை நான் ஆபீஸில் இருந்தேன். வயிற்றுவலி மாத்திரைச் சீட்டு ஒன்றில் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி

*

மார்ச் 27

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை லேபில் யாரும் இருக்க மாட்டார்கள். பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். என் மேசையில் நல்ல விளக்கு இருக்கிறது, பல்லின் நிறம் பார்க்கிற விளக்கு. அதன் கீழே நாற்பத்து மூன்றை வைத்துப் பார்த்தேன். முதல் தடவையாக.

அப்பா முதலில் வெளிர்நீலப் பென்சிலில் போட்டுவிட்டு அதன் மேல் மை பூசியிருக்கிறார். அச்சில் அந்த நீலம் விழாது போல. அட்டையில் அப்படியே இருக்கிறது. பெஞ்சில் மையால் ஐந்து ரொட்டி. பெஞ்சு முடிந்த பிறகு, காற்றில், நீலத்தில் இரண்டு வட்டம். நீ சொன்னது சரி. ஏழுதான்.

உன் கறுப்பும் இருக்கிறது. அணிலின் தொப்பியில் கோட்டைத் தாண்டிக் காதுவரை பூசியிருக்கிறாய். அப்பா வெள்ளையால் காதை மீட்டிருக்கிறார். ரொம்பச் சின்னக் கை. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கோபத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது.

அவருக்குப் புரிந்ததா என்று தேடினேன். அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எதுவும் எழுதவில்லை. அம்மா எந்தக் கட்டத்திலும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பும்போது மறுபடியும் அந்தப் பெஞ்சைப் பார்த்தேன்.

சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. படம் நன்றாக இருக்கிறது.

கரடி தின்கிற மாதிரி இல்லை. மடியில் கை. தலை ரோட்டுப் பக்கம். யாரோ வர வேண்டியிருக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறது. நீ விட்டுவிட்டதை அவர் எப்படி வரைந்தார்? தெரிந்து வரைந்தாரா? தற்செயலா? தின்கிற வாய் அவருக்கு வராததால் கையை மடியில் வைத்துவிட்டாரா? பெஞ்சு நீளம் போதாத கதைதான் இதுவுமா? கேட்க ஆள் இல்லை. இருந்தபோது கேட்காதவள் நான். அதில் பாதி உன்னால், பாதி என்னால். பாதி என்பதைக்கூடத் தோராயமாகத்தான் சொல்கிறேன்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உனக்காக இல்லை. அந்த அட்டை கட்டிலுக்கடியில் இருக்கத் தகுதியானது இல்லை. பெட்டியைத் தபாலில் அனுப்ப மாட்டேன். அவர்கள் ஆள் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

ஒரு நிபந்தனை. முகப்பு அட்டையில் கரடி வரட்டும். அப்பா பெயரும் வரட்டும். உள்ளே, முதல் பக்கத்தில், வேறு எதுவும் இல்லாமல் மூன்று வரி வர வேண்டும்.

படம்: அப்பா
சொன்னது: மகன்
பட்டது: மகள்

மூன்றும் ஒரே அளவு எழுத்து. ஒன்று குறைந்தாலும் பெட்டி திரும்பி வந்தாக வேண்டும்.

மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அது வேறு. அதற்குப் படிவம் எதுவும் இல்லை.

அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

கெடு தாண்டிவிட்டது என்று பதிப்பாளர் முதலில் ஐந்து நிமிடம் திட்டினார். பிறகு உன் மூன்று வரியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"என்ன சார் இது? 'பட்டது'ன்னா? இது சின்னப் பசங்க புக்கு."

"அதுல வர்றதெல்லாம் எங்கக்காவுக்கு நடந்தது, மேடம்."

"எல்லாமா? பஸ் ஸ்டாண்டு?"

"பஸ் ஸ்டாண்டும்தான்."

"அப்ப சொன்னது மகன்னா, அது நீங்களா?"

"நான்தான்."

"'ரொட்டி தீர்ந்துபோச்சு'?"

"அதுவும் நான்தான்."

எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார், அக்கா. உள்ளறையில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். "ஏய், எல்லாரும் வாங்க. ரொட்டி தீர்ந்துபோச்சு சொன்னவரு இவர்தானாம்!" நான்கு பேர் வந்தார்கள். சிரித்தார்கள். ஒருவர் என்னோடு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். என் வாழ்க்கையில் யாரும் எனக்காக இப்படி எழுந்து வந்ததில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இதைக் கேட்டு நீ திருப்திப்படலாம்.

அவர்கள் போன பிறகு பதிப்பாளர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மேல ரெண்டு வரி ஓகே சார். கடைசி வரிய மட்டும் தூக்கிடலாமா? பசங்க கேப்பாங்க. அந்த அக்கா என்ன பட்டாங்க, ஏன் பட்டாங்கன்னு. அம்மா அப்பால்லாம் என்ன பதில் சொல்லுவாங்க?"

"கேக்கட்டும், மேடம்."

"நான் என்ன பதில் சொல்றது?"

"எனக்கு போன் பண்ணச் சொல்லுங்க. நான் சொல்றேன்."

அப்புறம், சரி என்றார். மூன்று வரியும் வருகிறது. ஒரே அளவு.

இன்று முதல் பக்கத்தின் அச்சுப்படி வந்தது. பெரிய வெள்ளைத் தாள், நடுவில் ஏழே சொல். ஆபீஸுக்கு எடுத்துப்போய் என் மேசையில் வைத்துப் படித்தேன். வழக்கம்போல மூன்று முறை. முதல் முறை வேகமாக. இரண்டாம் முறை எழுத்து எழுத்தாக. மூன்றாம் முறை இரண்டாம் வரியை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று தோன்றியது. விடவில்லை. உண்மையில் அது ஆறு சொல்தான். எண்ணும்போது என்னவோ கூடிவிட்டது.

பிழை இல்லை. அச்சுக்குப் போகலாம் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

தம்பி